வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள்: எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு ஐபுப்ரொஃபென் போட்டால் கண் இமை வீங்கும். சரி, மாற்றிப் பார்க்கலாம் என்று டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். அதற்கும் அதே வீக்கம், கூடவே கை முழுக்கத் தடிப்பு. ரத்தத்தில் அலர்ஜி டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல். "ரெண்டும் வேற வேற மருந்து, ரெண்டுமா ஒத்துக்காது?" என்று வீட்டில் ஒரே கிண்டல்.

அலர்ஜி டாக்டர் சிரிக்கவில்லை. பெயர் வேறானாலும் இரண்டும் காக்ஸ்-1 என்ற ஒரே நொதியைத்தான் அடக்குகின்றன. அது அடங்கும்போது சிலர் உடம்பில் லியூக்கோட்ரைன் என்ற, அலர்ஜி போன்ற அறிகுறிகளைக் கிளப்பும் பொருள் அதிகமாகி வீக்கமோ மூச்சு இழுப்போ வருகிறது என்றார். வழக்கமான அலர்ஜி போல எதிர்ப்பொருளால் வருவதில்லை என்பதால், இந்த வகையை ரத்தப் பரிசோதனையில் பிடிக்க முடியாதாம். அந்தக் காசு போனது போனதுதான்.

பாதி நேரம் கேள்விதான். மாத்திரை போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, எத்தனை மில்லிகிராம், ஆஸ்துமா உண்டா, மூக்கில் சதை வளர்ச்சி உண்டா. மாத்திரையே போடாத நாளிலும் தடிப்பு வருமா என்று இரண்டு தடவை கேட்டார். வந்தால் அது நாள்பட்ட தடிப்பு நோயாம். வலி மாத்திரை அதைக் கிளறிவிடுகிறது, அவ்வளவுதான். எனக்கு அப்படி வந்ததில்லை.

அப்புறம் எட்டோரிகாக்ஸிப் என்ற இன்னொரு வலி மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். அது காக்ஸ்-1ஐ அதிகம் தொடாது. அரிப்பு மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து, முதலில் கொஞ்சம், இடைவெளி விட்டு மீதி. என் முழங்கையில் இருந்த ஒரு கொசுக்கடியைச் சுற்றி நர்ஸ் பேனாவால் வட்டம் போட்டார், பெரிதாகிறதா என்று பார்க்க. ஆகவில்லை. இனி வலி வந்தால் எதைப் போடலாம் என்று தெரிந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

---

என் கதை வேறு. எனக்கு ஆஸ்துமா உண்டு, மூக்கில் சதை வளர்ச்சி உண்டு, வாசனையே தெரியாது. மூன்றையும் கேட்டதுமே டாக்டருக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதோ என்று சந்தேகம். ஆஸ்துமா கட்டுக்குள் வந்த பிறகுதான் டெஸ்ட். ஆஸ்பிரினைக் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு முறையும் ஸ்பைரோமெட்ரியில், அதாவது மூச்சை அளக்கும் கருவியில், ஊதவேண்டும். முதல் நொடியில் வெளியேறும் காற்று 20 சதவீதம் குறைந்தால் பாசிட்டிவ். எனக்கு முதலில் மூக்கு அடைத்துக் கண்ணில் நீர் வழிந்தது, பிறகுதான் ஊதும் அளவு இறங்கியது. பாராசிட்டமால் எனக்கு 500 மில்லிகிராம் ஒத்துக்கொள்கிறது. 1000 போட்டால் எங்களைப் போன்ற சிலருக்கு இழுக்குமாம். சளி மாத்திரை வாங்கினாலும் அட்டையைத் திருப்பிப் படியுங்கள், உள்ளே ஐபுப்ரொஃபென் இருக்கலாம்.

---

மான்டிலுகாஸ்ட் (லியூக்கோட்ரைனைத் தடுக்கும் ஆஸ்துமா மாத்திரை) போடுபவர்கள் டெஸ்ட்டுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மூச்சு சம்பந்தமான அறிகுறியை அது மறைத்துவிடலாம். வீட்டிலேயே கால் மாத்திரை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தவருக்கு: வேண்டவே வேண்டாம். ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுத்திணறல் மோசமாக வரலாம், அவசர மருந்து பக்கத்தில் இருக்கவேண்டும்.