கல்யாண வீடியோ எடிட்டிங் + கேம்: ஒன்றரை லட்சத்துக்குள் டெஸ்க்டாப், இந்த கொட்டேஷன் சரியா?

குடந்தை எடிட்டர்:

வணக்கம் நண்பர்களே. கும்பகோணத்துல கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். போட்டோகிராபர்கள் ஃபுட்டேஜை ஹார்ட் டிஸ்க்ல போட்டு அனுப்பிடுவாங்க. டீசர், ஹைலைட்ஸ், முழு வீடியோ எல்லாம் என் வேலை. ப்ரீமியர் ப்ரோதான் அதிகம், டைட்டிலுக்கு கொஞ்சம் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்.

இப்போ இருக்கிறது ஐ7-7700, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. சோனி ஏ7 III ஃபுட்டேஜ் வந்த வரைக்கும் சமாளிச்சுது. ஒரு போட்டோகிராபர் ஏ7 IV-க்கு மாறினார், அன்னையில இருந்து தலைவலி. ப்ளே அழுத்தினா படம் நின்னுடுது, நாதஸ்வரம் மட்டும் போயிட்டே இருக்கு. மாங்கல்யதாரணம் நடக்கிற இடத்துல மூணு கேமராவையும் வச்சு மல்டிகேம் கட் பண்ண முடியல.

மார்கழி முடிஞ்சு தை பிறந்தா வேலை குவிஞ்சிடும், அதுக்குள்ள புது சிஸ்டம் போடணும். ராத்திரி வேலை முடிஞ்சதும் தம்பியோட வாலரன்ட் ஆடுவேன், சைபர்பங்க் 2077-ஐ நல்ல கிராபிக்ஸ்ல ஆடணும்னு ரொம்ப நாள் ஆசை. மானிட்டர் தனி கணக்கு. ஒரு கடையில கொடுத்த கொட்டேஷன்:

ஐ5-14400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி, 16 ஜிபி ராம் ஒரே ஸ்டிக், 1 டிபி எஸ்எஸ்டி, 550 வாட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை (கம்பெனி பேர் போடல), முன்பக்கம் முழுக்க கண்ணாடி வச்ச ஆர்ஜிபி கேபினெட்.

"எடிட்டிங்குக்கு இது தாராளம்"னு சொல்றாங்க. வாங்கலாமா?

ஈரோடு அசெம்பிளர்:

தம்பி, அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க. கேமுக்கு மட்டும்னா இந்த கொட்டேஷனை ஓரளவு ஒத்துக்கலாம். உங்க வேலைக்கு இது ஆகாதுங்க. நீங்க பணம் போடுறதே அந்த ஏ7 IV ஃபுட்டேஜ் ஓடணும்னுதான், அதே ஃபுட்டேஜ் இந்த மெஷின்லயும் திணறும். ஏன்னு சொல்றேன்.

முதல்ல மீடியாஇன்ஃபோன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதை இறக்கி அந்த போட்டோகிராபரோட ஒரு கிளிப்பைத் திறந்து பாருங்க. மூணு வரி முக்கியம்: ஃபார்மட் எச்இவிசியா (எச்.265) ஏவிசியா (எச்.264), பிட் டெப்த் 8-ஆ 10-ஆ, குரோமா சப்சாம்ப்ளிங் (நிறத் தகவல் எவ்வளவு பதிவாகுதுங்கிறது) 4:2:0-வா 4:2:2-வா. ஏ7 III உள்ளுக்குள்ள பதிவு பண்றது 8 பிட், 4:2:0 மட்டும்தான். அதைப் பிரிச்சுப் படமாக்குற, அதாவது டிகோட் பண்ற சர்க்யூட் உங்க பழைய 1060-லயும் இருக்கு, அதனால ஓடுச்சு. ஏ7 IV-ல 10 பிட் 4:2:2 வச்சு எடுக்கலாம். நிறத் தகவல் 4:2:0-ல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு இருக்கும், பட்டுப்புடவை சிவப்பையும் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தையும் கலர் கிரேடிங்ல இழுத்தா உடையாது. போட்டோகிராபர் அதை விரும்புறதுல தப்பே இல்லை.

சிக்கல் என்னன்னா, அந்த 4:2:2-ஐ ஹார்டுவேர்ல டிகோட் பண்ற சர்க்யூட் எல்லா சிப்லயும் கிடையாது. என்விடியாவுல 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலதான் முதல்முறையா வந்துச்சு. 4060-ல இல்லை, ஏன், 4090-லயே இல்லை. இன்டெல்ல 11-வது தலைமுறையில இருந்து எச்இவிசி 4:2:2-க்கு இருக்கு, ஆனா அது ப்ராசஸருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் பகுதியில உட்கார்ந்திருக்கு. உங்க கொட்டேஷன்ல 14400-க்குப் பின்னாடி ஒரு "எஃப்" இருக்கு பாருங்க, அந்த எழுத்துக்கு அர்த்தமே கிராபிக்ஸ் பகுதி வேலை செய்யாதுங்கிறதுதான். ஆக கார்டும் செய்யாது, ப்ராசஸரும் செய்யாது. மொத்த பாரமும் ப்ராசஸரோட சாதாரண கோர்கள் தலையில விழும். மூணு கேமரா மல்டிகேம்ல அது எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

என்கிட்ட வர்ற எடிட்டர்கள் எல்லார்கிட்டயும் நான் கேட்கிற முதல் கேள்வி "எந்த ஃபைல்ல வேலை செய்றீங்க"ங்கிறதுதான். பட்ஜெட் அப்புறம்தான். கடைக்காரர் உங்ககிட்ட அதைக் கேட்கவே இல்லைன்னு நினைக்கிறேன்.

நான் போட்டா இப்படிப் போடுவேன். கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. இதே பேர்ல 8 ஜிபி கார்டும் இருக்கு, பில்லுல 16-னு எழுதி வாங்குங்க. ப்ராசஸர் ரைசன் 9 7900. 12 கோர், 65 வாட் வகை, கூலர் பெட்டியிலேயே வரும். 4:2:2 டிகோடை கார்டு பார்த்துக்கும், எஃபெக்ட், எக்ஸ்போர்ட்னு வர்றப்போ 12 கோர் கை கொடுக்கும். சித்திரை வெயில்ல ஏசி இல்லாத ரூம்லயும் நிதானமா ஓடுற ப்ராசஸர் அது. மதர்போர்டு பி650 அல்லது பி850. இந்த போர்டுகள்ல ப்ராசஸர் உட்கார்ற ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் புது ப்ராசஸர் வரும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, அதனால போர்டை மாத்தாம பின்னாடி ப்ராசஸர் மட்டும் மாத்திக்கலாம்.

இன்டெல்தான் வேணும்னா கோர் அல்ட்ரா 7 265கே, எஃப் இல்லாதது. கெட்டிக்கார ப்ராசஸர். ஒண்ணு மட்டும் கவனிங்க: அந்த போட்டோகிராபர் எக்ஸ்ஏவிசி எச்எஸ்-ல எடுத்தா அது எச்.265, இன்டெல் பார்த்துக்கும். எக்ஸ்ஏவிசி எஸ்-ல 4:2:2 எடுத்தா அது எச்.264, அங்க இன்டெல்லும் கைவிரிச்சிடும். ஆர்டிஎக்ஸ் 50 ரெண்டையும் பிரிக்கும். நாளைக்கு எந்த போட்டோகிராபர் எதைக் கொண்டு வருவார்னு உங்களால சொல்ல முடியாது, அதனாலதான் காசை கார்டுல போடச் சொல்றேன். ப்ரீமியரையும் 2025-ல வந்த பதிப்புக்கு மாத்திடுங்க, பழைய பதிப்புக்கு இந்த சர்க்யூட்டைப் பயன்படுத்தத் தெரியாது.

ராம் ஒரே ஸ்டிக் கூடவே கூடாது, பாதி வேகம் அங்கேயே போயிடும். டிடிஆர்5 6000, ரெண்டு ஸ்டிக். 2025 கடைசியில விலை தாறுமாறா ஏறிடுச்சு, ஏஐ டேட்டா சென்டர்களுக்கே சரக்கு போகுது. முடிஞ்சா 24+24, இல்லைன்னா 16+16. "இப்போ ரெண்டு போடுங்க, பின்னாடி இன்னும் ரெண்டு சேர்த்துக்கலாம்"னு யாராவது சொன்னா கேட்காதீங்க. ஏஎம்5-ல நாலு ஸ்டிக் போட்டா வேகத்தை நல்லா குறைச்சாதான் நிலையா நிக்கும். போர்டுல ப்ராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடணும். பயாஸ்ல எக்ஸ்போவை (ராமை அதோட முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) ஆன் பண்ணலைன்னா காசு கொடுத்த வேகம் வராது, அசெம்பிள் பண்றவர் முன்னாடியே அதைச் சரிபாருங்க.

எஸ்எஸ்டி ரெண்டா பிரிங்க: விண்டோஸும் சாஃப்ட்வேரும் ஒண்ணுல, ஓடிட்டிருக்கிற ப்ராஜெக்ட்டும் ப்ரீமியரோட கேஷும் (தற்காலிக ஃபைல்கள்) இன்னொண்ணுல. வினாடிக்கு 100 மெகாபிட்ல எடுத்தா ஒரு மணி நேர ஃபுட்டேஜ் 45 ஜிபி. ரெண்டு கேமரா, ஆளுக்கு அஞ்சு மணி நேரம்னா ஒரே கல்யாணம் 450 ஜிபி. ரெண்டாவது எஸ்எஸ்டி கியூஎல்சி (ஒரு செல்லுல நாலு பிட் திணிக்கிறது) வகையா இருக்க வேண்டாம். முதல்ல கொஞ்ச நேரம் பறக்கும், எஸ்எஸ்டிக்குள்ளயே இருக்கிற கேஷ் நிறைஞ்சதும் காப்பி வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிடும். டிஎல்சி (ஒரு செல்லுல மூணு பிட்) பார்த்து வாங்குங்க.

இப்போ எஸ்எம்பிஎஸ். பேர் போடாத 550 வாட்டை வாங்கவே வாங்காதீங்க. 750 வாட், 80 ப்ளஸ் கோல்ட் (மின்சார நஷ்டம் குறைவுங்கிறதுக்கான சான்று), அஞ்சு வருஷத்துக்குக் குறையாத வாரன்டி. கேபினெட் முன்னாடி கண்ணாடி வேண்டாம், வலை வச்சது வாங்குங்க, காத்து உள்ள வரணும். அந்தக் காசு ஆர்ஜிபி லைட்டுக்குப் போறதை விட எஸ்எம்பிஎஸ்-க்குப் போகட்டும்.

கடைசியா, கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு இருக்கா? பழைய வீட்டு வயரிங்ல ரொம்ப சகஜம். எர்த் இல்லைன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ்-க்குள்ள இருக்கிற ஃபில்டர் கெபாசிட்டர் வழியா கேபினெட்டுக்குப் பாதி மின்னழுத்தம், 115 வோல்ட் பக்கத்துல வந்து நிக்கும். கரன்ட் சின்னதுதான், ஆனா ஹார்ட் டிஸ்க், எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகும்போது போர்ட் அடிவாங்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல மீட்டர் வச்சு 230 பக்கம் காட்டுதான்னு பார்க்கச் சொல்லுங்க. காட்டலைன்னா புது மெஷின் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எர்த் போட்டுடுங்க.

கோவை 3டி:

அண்ணா, நான் வீட்டு உள்அலங்காரத்துக்கு ப்ளெண்டர்ல 3டி பண்றேன். ஈரோடு அண்ணா சொன்ன 16 ஜிபி விஷயத்தை அழுத்திச் சொல்லணும்னுதான் எழுதுறேன். நான் முன்னாடி 8 ஜிபி கார்டு வச்சிருந்தேன். ஒரு ஹால், தேக்கு மர டெக்ஸ்சர், ஜன்னலுக்கு வெளியில நாலஞ்சு மரம், இவ்வளவு போட்டாலே கார்டு மெமரி நிறைஞ்சு ரெண்டர் அப்படியே ஊர ஆரம்பிச்சிடும். மெமரி போதலைன்னா கார்டு எவ்வளவு வேகமா இருந்தும் பிரயோஜனமில்ல.

நீங்க ப்ளெண்டர் தொடாட்டியும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ப்ரீமியரும் சேர்த்துத் திறப்பீங்க இல்லையா, 4கே மல்டிகேம்ல லூமெட்ரி (ப்ரீமியரோட கலர் கருவி), நாய்ஸ் ரிடக்ஷன்னு ஏத்துனா மெமரி எகிறும். சைபர்பங்க்ல ரே டிரேசிங் ஆன் பண்ணாலும் 8 ஜிபி திணறும்.

ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கொஞ்சம் கம்மி விலைக்குக் கிடைக்கும், வெறும் கேமுக்கு நல்ல கார்டு. ப்ளெண்டரோட ரெண்டர் எஞ்சின் சைக்கிள்ஸ்ல என்விடியாவோட ஆப்டிக்ஸ் வேகம் வேணும்னு நான் என்விடியாவுலயே இருக்கேன். உங்களுக்கும் 4:2:2 ஃபுட்டேஜ் இருக்கு, அதை ஹார்டுவேர்ல பிரிக்க இந்த ரேடியானால முடியாது, அதனால அந்தப் பக்கம் போகாதீங்க.

குடந்தை எடிட்டர்:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றிங்க சகோதரி. மீடியாஇன்ஃபோ போட்டுப் பார்த்தேன்: எச்இவிசி, 10 பிட், 4:2:2. அண்ணன் சொன்னது அச்சு அசல். இன்னொரு போட்டோகிராபர் கேனான் ஆர்6, அவர் கிளிப்பும் அதே 4:2:2. கடையில கேட்டேன், அவங்களுக்கு இந்த விஷயமே தெரியல.

கேபினெட் சுருக்குனு இருக்கிறது உண்மைதான், அது எல்லா கம்ப்யூட்டர்லயும் இருக்கும்னு நினைச்சுட்டு இருந்தேன். எலக்ட்ரீஷியனுக்குச் சொல்லியாச்சு.

மூணு சந்தேகம். இப்போ இருக்கிற 600 விஏ யூபிஎஸ் போதுமா? மானிட்டர் 27 இன்ச் வாங்கலாம்னு இருக்கேன், எதைப் பார்த்து வாங்கணும்? பழைய சிஸ்டத்தை வித்துடவா?

சென்னை கலரிஸ்ட்:

மானிட்டர் மட்டும் நான் சொல்கிறேன். 27 இன்ச், 2560 x 1440, ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி (வழக்கமான நிற வரம்பு) முழுதும் காட்டக்கூடியது, 144 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். வேலைக்கும் வாலரன்ட்டுக்கும் ஒரே திரை போதும். 4கே மானிட்டரில் சைபர்பங்க் ஆட 5060 டிஐ திணறும்.

விளம்பரத்தில் "டிசிஐ-பி3 95 சதவீதம்" என்று, எஸ்ஆர்ஜிபியை விட அகலமான நிற வரம்பைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். நல்லதுதான், ஆனால் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் அகலமான நிறத்தில் வேலை செய்தால் உங்கள் திரையில் மணப்பெண்ணின் முகம் சிவந்து தெரியும். நீங்கள் சிவப்பைக் குறைத்து அனுப்புவீர்கள், வாடிக்கையாளரின் டிவியில் முகம் வெளிறிப் போய்விடும். கல்யாண வீடியோ பெரும்பாலும் ஓடுவது போனிலும் டிவியிலும்தான். அதனால் வெளிச்சத்தையும் கண்ணைப் பறிக்கிற அளவுக்கு வைக்காதீர்கள், அறையில் டியூப்லைட் நேராகத் திரையில் விழாமல் பாருங்கள். கலர் கேலிபரேட்டரை உங்கள் போட்டோகிராபர் நண்பர்களில் யாராவது வைத்திருப்பார்கள், ஒரு நாள் வாங்கி அளந்துவிடுங்கள்.

ஈரோடு அசெம்பிளர்:

யூபிஎஸ் போதாது தம்பி. 600 விஏ-ன்னா பெரும்பாலும் 360 வாட்தான். ரெண்டர் ஓடும்போது ப்ராசஸர் (65 வாட் வகைன்னாலும்) 88 வாட் வரைக்கும், கார்டு 180 வாட், போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன்னு ஒரு 50, மானிட்டர் 40. கூட்டிப் பார்த்தா 358. எஸ்எம்பிஎஸ்-ல சூடா போற நஷ்டத்தையும் சேர்த்தா 360-ஐத் தாண்டிடும். கரன்ட் போன அந்த நொடியே யூபிஎஸ் "கீ"ன்னு கத்திட்டு நின்னுடும். 1000 விஏ, 600 வாட்டுக்குக் குறையாம வாங்குங்க. வீட்டு இன்வெர்ட்டர் லைன்ல ஓட்டுறதா இருந்தா இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவான்னு பாருங்க. ஸ்கொயர் வேவ்ல நல்ல எஸ்எம்பிஎஸ்-கள் உறுமும், சிலது திடீர்னு அணைஞ்சிடும்.

பழசை விக்காதீங்க. இன்னிக்கு ஐ7-7700-க்கு ஒண்ணும் பெருசா விலை கிடைக்காது. ரெண்டு ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு ஃபுட்டேஜ் பேக்கப்புக்கு வச்சுக்கங்க. போட்டோகிராபர் ஹார்ட் டிஸ்க் வந்ததும் முதல் காப்பி அங்க, ரெண்டாவது காப்பி புது எஸ்எஸ்டியில. ஆல்பமும் வீடியோவும் குடும்பத்துக்குக் கைக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் ரெண்டுல எதையும் அழிக்காதீங்க. 1060-ஐயும் அதுலயே விட்டுடுங்க, தம்பி வாலரன்ட் ஆட அது தாராளம். நீங்க புதுசுல, அவர் பழசுல, ரெண்டு பேரும் ஒண்ணாவே ஆடலாம்.

பார்ட்ஸ் எடுத்ததும் பில்லுல ஒவ்வொண்ணுக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, வாரன்டிக்குப் போறப்போ அதைத்தான் கேட்பாங்க. புது கொட்டேஷன் வந்ததும் இங்கேயே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.