பெப்பு மூலிகை நீராவிக் குளியல்: அம்மாவை அழைத்துப் போகலாமா?

மலர்விழி:
அடுத்த மாதம் ஜப்பான் போகிறோம். பெப்பு நகரின் கன்னாவா பகுதியில் இருக்கும் முஷியூ என்ற மூலிகை நீராவிக் குளியல் பற்றிக் கேள்விப்பட்டேன். உள்ளே எப்படி இருக்கும்? அம்மாவுக்கு மூட்டுவலி, கொஞ்சம் ரத்த அழுத்தமும் உண்டு.

கடலோடி:
நான் போயிருக்கிறேன், மிகவும் பிடித்துப்போன இடம். 1276ல் இப்பென் என்ற துறவி தொடங்கியதாகச் சொல்கிறார்கள். சுமார் ஒரு மீட்டர் உயரமுள்ள மரக்கதவு, குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கல்லால் கட்டிய இருட்டான அறை. வெந்நீர் ஊற்றின் ஆவியில் சூடேறிய தரை முழுக்க செகிஷோ என்ற புல்லைப் பரப்பியிருப்பார்கள். நம் வசம்புக்கு நெருங்கிய சொந்தம். அதன்மேல் மல்லாந்து படுத்ததும் முதுகுக்குக் கீழே ஈரப்புல் சுடச்சுட அழுந்தும், பச்சை வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனைக்காகவே திரும்பப் போவேன். எட்டு, பத்து நிமிடம்தான், நேரமானதும் ஊழியர் கூப்பிடுவார். உடுத்திக்கொள்ள யுகாதா என்ற மெல்லிய பருத்தி அங்கி, இல்லையென்றால் டீஷர்ட், அரைக்கால் சட்டை. அப்புறம் வெந்நீர்க் குளியல்.

மலர்விழி:
நன்றி அண்ணா. அம்மாவுக்கு மூச்சு முட்டினால்?

கடலோடி:
உடனே வெளியே வந்துவிடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

செண்பகம்:
ரத்த அழுத்தம் என்றால் டாக்டரிடம் கேட்காமல் உள்ளே விடாதீர்கள் மலர். போனாலும் முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்கட்டும், மெதுவாக எழட்டும். வேண்டாம் என்றால் கன்னாவாவிலேயே காலுக்கு மட்டும் ஆவி பிடிக்கும் இடம் இருக்கிறது, அதில் உட்காரச் சொல்லுங்கள்.