பழைய கிராபிக்ஸ் கார்டையும் புது கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாஸ்கல்_பித்தன்:
என்னிடம் என்விடியாவின் பாஸ்கல் தலைமுறை 1080 டிஐ கார்டு, தம்பியிடம் அதே நிறுவனத்தின் புது 4060. ஒரே மேசையில் இரண்டு மானிட்டர் போட்டு ஓட்டிப் பார்த்தோம். 1080பி திரைத் தெளிவில் அவனுடையது ஒரு படி முன்னால்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. அப்புறம் அதைவிடக் கூடிய 1440பி-க்கு மாற்றி, டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஒட்டும் படங்களை) உச்சத் தரமான அல்ட்ராவில் வைத்து ஹாக்வார்ட்ஸ் லெகசி கேமில் கோட்டைக்குள் ஓடினோம். அவன் திரையில் ஒரு கற்சுவர், களிமண் பூசியது மாதிரி மொழுக்கென்று வந்து நின்றது. கல் இடுக்கு தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தெளிந்தது, திரும்பி நடந்து வந்தால் மறுபடி மொழுக். என் திரையில் அதே சுவர் முதலிலிருந்தே கூர்மை. மூலையில் ஓடும் எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) எண் மட்டும் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று! எண்ணை மட்டும் பார்த்து கார்டு வாங்குகிறவருக்கு இது எப்படித் தெரியும் என்பதுதான் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2017-இல் வந்த என்னுடையதில் 11 ஜிபி மெமரி, அதற்குப் போகும் பாதை (பஸ்) 352 பிட், வேகம் விநாடிக்கு 484 ஜிபி. 2023-இல் வந்ததில் 8 ஜிபி, 128 பிட், 272. பெரிய கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேகமான மெமரி) வைத்து ஈடுகட்டியிருக்கிறார்கள், சரி. 8 ஜிபி நிரம்பி வழியும்போது கேஷ் என்ன செய்யும்?

ரெண்டர்_ராத்திரி:
கேமை விடுங்கள், பிளெண்டர் என்ற 3டி மென்பொருள் பக்கம் வாருங்கள். வீட்டு உள் அலங்கார வேலை செய்கிறேன். என் பழைய 1080 டிஐ-யிலும் புது 3060-இலும் கூடா கோர் (கணக்குப் போடும் சின்ன அலகு) எண்ணிக்கை ஒன்றேதான், 3584. அதனால் பெரிய மாற்றம் இருக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். புது கார்டு போட்ட அன்று வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த சோபாவை ஜன்னல் பக்கம் தள்ளுங்க சார்" என்றார். தள்ளினேன். அவர் அடுத்த வாக்கியம் ஆரம்பிப்பதற்குள் புள்ளி புள்ளியாக இருந்த பிரிவியூ அடங்கி, வெயில் சோபா மேல் விழுந்துவிட்டது. பழைய கார்டில் அந்த இடத்தில் இரண்டு பேரும் பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். முழு ரெண்டரும் (இறுதிப் படம் உருவாக்குவதும்) பாதிக்கும் குறைவான நேரத்தில் முடிகிறது. ஒளிக்கதிர் எதில் போய் இடிக்கிறது என்று கணக்குப் போடத் 3060-இல் தனியாக ஆர்டி கோர் இருக்கிறது, பிளெண்டருக்குள் என்விடியாவின் ஆப்டிக்ஸ் அதைப் பயன்படுத்துகிறது. தலைமுறை மாறினால் கோர் எண்ணிக்கையை நேருக்கு நேர் வைப்பதில் அர்த்தமே இல்லை.

இன்வெர்ட்டர்_இளங்கோ:
பாஸ்கல் அண்ணா, டெக்ஸ்சரை அல்ட்ராவிலிருந்து ஹைக்கு இறக்கியிருந்தால் உங்கள் சுவர்ப் பிரச்சினை பெரும்பாலும் போயிருக்கும். அல்ட்ராவில் வைத்துவிட்டு கார்டைக் குறை சொல்வது நியாயம் இல்லை. மின்சாரக் கணக்கை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்களுடையது 250 வாட், தம்பியுடையது 115. எங்கள் ஊரில் மே மாதம் கரண்ட் போகும். பழைய கார்டு இருந்தவரைக்கும் போன அடுத்த நொடி 600 விஏ யூபிஎஸ் ஒரே கத்தாகக் கத்திவிட்டு மொத்தமாக அணைந்துவிடும், சேவ் பண்ணக்கூட வழி கிடையாது. 4060 மாற்றிய பிறகு கரண்ட் போனபோது விளையாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது, மின்விசிறி நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பழைய கார்டை விடமாட்டேன் என்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சார உச்சவரம்பை) 70-75 சதவீதத்துக்கு இறக்குங்கள், வேகம் குறைவது கண்ணுக்கே தெரியாது, சூடு நன்றாகக் குறையும். ஏழெட்டு வருஷக் கார்டு என்றால் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றுங்கள். மெமரி மேல் இருக்கும் வெப்பம் கடத்தும் பேடையும் சேர்த்து மாற்றுங்கள், ஆனால் தடிமன் சரியாகப் பார்த்து வாங்குங்கள், தடித்த பேடு போட்டால் ஹீட்சிங்க் சிப் மேல் சரியாக உட்காராது. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் இன்னும் கவனம். 2022 செப்டம்பரில் கிராபிக்ஸ் கார்டு வைத்து எத்தீரியம் கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் நின்ற பிறகு ராப்பகலாக ஓடிய கார்டுகள் நிறைய சந்தைக்கு வந்தன. அரை மணி நேரமாவது முழு லோடில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஃபேன் சத்தத்தைக் காதால் கேளுங்கள், மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

ரிச்சி_தெரு_ரசிகன்:
எல்லோரும் பெரிய கார்டு பற்றியே பேசுகிறீர்கள். என்னுடையது ஏஎம்டி-யின் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் "தம்பி, அது 2017 சரக்கு, இது 2022, கண்ணை மூடிட்டு எடுங்க" என்று அதே நிறுவனத்தின் 6500 எக்ஸ்டி-யைக் கையில் கொடுத்தார்கள். என் மதர்போர்டு பி450 என்று சொல்லித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஓபிஎஸ் ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்தேன், என் சேனலுக்கு ரெக்கார்ட் பண்ண. வீடியோவைச் சுருக்கும் என்கோடர் பட்டியலில் சிபியு-வில் ஓடும் எக்ஸ்264 மட்டும்தான் இருக்கிறது, ஏஎம்டி என்கோடர் வரியே காணோம்! டிரைவரை அழித்துப் போட்டேன், மறுபடியும் இல்லை. அந்த சிப்பில் வீடியோ என்கோடரே வைக்கவில்லை என்பது தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது. 580-இல் அது இருக்கிறது. போதாததற்கு 6500 எக்ஸ்டி-க்கு போர்டோடு தரவு போய்வர நாலே லேன்தான் (தடம்தான்), பி450-இல் பழைய பிசிஐஇ 3.0 இணைப்பு என்பதால் அந்த நாலு லேனின் வேகமும் பாதி. 4 ஜிபி மெமரி நிரம்பியதும் மிச்சம் அந்தச் சின்ன வழியாகத்தான் வந்து போகவேண்டும், விளையாட்டு திக்கித் திக்கி நடக்கிறது. போர்டு எது என்று தெரிந்தும் கடைக்காரர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இளங்கோ, இதற்கு எந்த செட்டிங்கை இறக்குவது, சொல்லுங்கள்.

கதிர்வலை:
பாஸ்கல் சொன்ன சுவரை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் சுவர் மொழுக்கென்று தெரிந்தாலும் விளையாட்டு ஓடியதே. 2024 டிசம்பரில் இந்தியானா ஜோன்ஸ் கேம் வந்த அன்று, என் 1080 டிஐ-யில் திரையே வரவில்லை. ஒரு சின்ன எச்சரிக்கைப் பெட்டி, அவ்வளவுதான். ரே டிரேசிங் (ஒளிக்கதிர்க் கணக்கு) வன்பொருள் கட்டாயம், அணைக்க வழியே வைக்கவில்லை. நண்பரின் 2060 சூப்பர் பழைய கேம்களில் என் கார்டுக்குக் கொஞ்சம் பின்னால்தான் நிற்கும், அதில் ஜம்மென்று ஓடுகிறது. கார்டில் வலு இருந்தும் உள்ளேயே விடவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. 2025 அக்டோபரோடு பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான கேம் ரெடி டிரைவரும் முடிந்தது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும், அதுவும் 2028 வரை.

பாஸ்கல்_பித்தன்:
கதிர்வலை சொல்வது உண்மை, அதற்கு என்னிடம் பதில் இல்லை. இளங்கோ, ஹையில் வைத்தால் சரியாகும் என்பது எனக்கும் தெரியும். ஆறு வருஷம் கழித்து வந்த கார்டில் எதற்காக இறக்கவேண்டும் என்பதுதான் என் கேள்வி. ஃபிரேம் ஜெனரேஷன் (நடுவில் கார்டே ஃபிரேம் உருவாக்கிச் செருகுவது) இருக்கிறதே என்று யாராவது வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அதையும் தம்பி கார்டில் போட்டுப் பார்த்தோம். எண் ஏறியது. மவுஸை அசைத்தால் கை உணர்வது பழைய வேகத்தைத்தான், நடுவில் செருகிய ஃபிரேம் என் க்ளிக்கைக் கேட்பதில்லை. 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் மேடையில் புது 5070-க்கு முந்தைய தலைமுறையின் உச்சக் கார்டான 4090-இன் வேகம் என்று சொன்னதும் இப்படிச் செருகிய ஃபிரேமை எண்ணித்தான். ஒப்பிட்டு எண் போடுகிறவர்கள் தயவுசெய்து அதை அணைத்துவிட்டு எடுத்த எண்ணைப் போடுங்கள், விரேம் (கார்டின் மெமரி) எவ்வளவு நிரம்பியது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.