பயொப்சி போத்தலும் மெழுகுக் கட்டியும்

வணக்கம் உறவுகளே,

ஊரில் அம்மாவுக்கு பயொப்சி (நோயறிய உடலில் இருந்து எடுக்கும் சதைத்துண்டு) எடுத்து ஒரு கிழமையாச்சு, றிப்போட் ஏன் வரவில்லை என்று பலரும் கேட்பதால் இது.

சதை அழுகாமல் காக்கும் திரவமான ஃபோமலின் சதைக்குள் மணிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் இறங்கும். வெட்டியெடுத்த மார்பகத்தை முழுசாகப் போட்டால் வெளிப்புறம் இறுகும், நடு அழுகும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கீறி, இடையில் துணி வைத்து ஊறவிட வேண்டும். எலும்பென்றால் சுண்ணாம்பைக் கரைக்க இன்னும் சில நாள். பிறகு தண்ணீரை எடுக்க அற்ககோல், அதை எடுக்க சைலீன், கடைசியில் 60 பாகையில் உருகிய மெழுகில் ஊறவிட்டுக் கட்டியாக்குவார்கள். பெரும்பாலும் ஓரிரவு வேலை. மறுநாள் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் நாலு பங்கு) தடிப்பில் சீவுவார்கள். திருமலை வெக்கையில் மெழுகு இளகிச் சீவல் சுருங்கிக்கொள்ளும், மெழுகுக் கட்டியை ஐஸில் வைத்து வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

பிழைகளில் பல போத்தலிலேயே நடக்கிறது. போத்தலில் ஊற்றும் கலவை ஒரு லீற்றருக்குக் கடைச் சரக்கு ஃபோமலின் 100 மில்லிலீற்றர், தண்ணீர் 900, சோடியம் டைஹைட்ரஜன் பொஸ்பேற் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பொஸ்பேற் 6.5 கிராம். இந்த இரண்டு உப்புகளையும் சேர்க்காமல் விட்டால் கலவை அமிலமாகி, இரத்தம் உள்ள துண்டில் கபிலப் பொடி படியும். பார்ப்பவர் மலேரியா நிறமியோ என்று குழம்புவார். துண்டைப்போல் பத்து மடங்கு திரவம் வேண்டும். சேலைனில் (உப்புத் தண்ணீரில்) போட்டு அனுப்புவது சும்மா கெடுப்பது. வாய் ஒடுங்கிய போத்தலும் வேண்டாம்: மெத்தென்று உள்ளே போன சதைத்துண்டு விறைத்து வெளியே வராது, பிறகு போத்தலை உடைக்கத்தான் வேண்டும். பெயரைப் போத்தலின் உடலில் ஒட்டுங்கள், மூடியில் அல்ல. மூடி மாறும்.

மார்பகப் புற்றுநோயில் ஈஆர், பிஆர் (ஹோர்மோன் ஏற்பிகள்) பார்க்க வேண்டுமானால் வெட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபோமலின், அதில் 6 முதல் 72 மணித்தியாலம். வெள்ளி மத்தியானம் சத்திரசிகிச்சை, திங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால், ஆய்வுகூடம் பூட்டியிருந்து செவ்வாய் காலை அந்த எல்லை தாண்டிவிடும். நாள் குறிக்கும்போதே கேளுங்கள்.

வெளிநாட்டில் இரண்டாவது அபிப்பிராயம் எடுப்பவர்கள் றிப்போட்டைப் போனில் படமெடுத்து அனுப்பிப் பயனில்லை. சிலைட்டையும் (சீவலை ஒட்டிய கண்ணாடித் தகடு) மெழுகுக் கட்டியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெழுகுக் கட்டி இருந்தால் அங்கே புதிதாகச் சீவலாம். வெயிலில் நிறுத்தின வானுக்குள் விட்டுவிடாதீர்கள், இளகிப்போகும். கட்டியின் ஓரத்து இலக்கமும் றிப்போட்டில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று கவுண்டரிலேயே பார்த்து வாங்குங்கள்.