ஸ்டான்லி நம்பர் 5 இழைப்புளி: உடல் ஒரு காலம், லிவர் கேப் ஒரு காலம், பிளேடு ஒரு காலம். எப்படிச் சரிசெய்வது?

இழைப்புமேசை எழுதியது:

வணக்கம். பழைய இரும்புச் சரக்கில் எடை போட்டு வாங்கிய இரும்பு இழைப்புளி. நீளம் 14 அங்குலம், பிளேடு அகலம் 2 அங்குலம். ‘பெய்லி’ என்ற பெயரும் 5 என்ற எண்ணும் வார்ப்பிலேயே இருக்கின்றன. ஃப்ராக்குக்கு (பிளேடு சாய்ந்து உட்காரும் வார்ப்புத் துண்டு) பின்னால் உடலில் மூன்று தேதிகள்: மார்ச் 25, 02; ஆகஸ்ட் 19, 02; ஏப்ரல் 19, 10. முன்குமிழ் குட்டை. ஆனால் லிவர் கேப்பில் (பிளேடை அழுத்திப் பூட்டும் மூடி) ‘ஸ்டான்லி’ என்று பெரிதாக இருக்கிறது, அதன் துளை சிறுநீரக வடிவம். பிளேடில் ஸ்டான்லி முத்திரையோடு ‘மேட் இன் இங்கிலாந்து’.

ஃப்ராக்கைப் பிடிக்கும் இரண்டு திருகுகளில் ஒன்று அசையவில்லை. ஆழம் மாற்றும் பித்தளை நட்டும் இறுகிக் கிடக்கிறது. பின்பிடியின் மேல்கொம்பு உடைந்திருக்கிறது. மீதிப் பிடியும் ஆடுகிறது, நட்டை முழுக்க முடுக்கினாலும் ஆட்டம் நிற்கவில்லை. உடலின் கறுப்புப் பூச்சு பாதிக்கு மேல் மிச்சம். அடிப்பாகம் முழுக்கத் துரு. பிளேடின் தட்டைப் பக்கத்தில் வெட்டுமுனையை ஒட்டியே துருக்குழிகள்.

எந்த வருஷத்தது? துருவை எதைக் கொண்டு எடுப்பது? கறுப்புப் பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிக்கலாமா? அலமாரியில் வைக்க அல்ல, தேக்கில் வேலை செய்யத்தான்.

வார்ப்படம் எழுதியது:

உடல் 1910க்கும் 1918க்கும் இடைப்பட்டது. மூன்று காப்புரிமைத் தேதிகளும் (02 என்பது 1902, 10 என்பது 1910) சேர்ந்து இருப்பதே அதற்குச் சாட்சி. சேகரிப்பாளர்கள் இதை ‘டைப் 11’ என்பார்கள். இந்த டைப் எண்கள் பின்னாளில் சேகரிப்பாளர்கள் வகுத்தவை, கம்பெனி வைத்தவை அல்ல. அமெரிக்கக் கம்பெனியான ஸ்டான்லி, பழைய பாகங்கள் தீரும்வரை புது உடலிலும் பூட்டி அனுப்பியது. அதனால் ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே இருக்கும்.

குட்டைக் குமிழும் அதே காலத்தோடு ஒத்துப்போகிறது. உயரமான குமிழ் 1919-20 வாக்கில்தான் வந்தது. லிவர் கேப் அந்த உடலோடு பிறந்தது அல்ல. டைப் 11இன் கேப்பில் எழுத்தே இருக்காது, துளையும் சாவித்துவாரம் மாதிரி நேராக இருக்கும். ‘ஸ்டான்லி’ என்ற பெயர் கேப்பில் ஏறியது 1925 வாக்கில், சிறுநீரக வடிவத் துளை 1933இல். பிளேடு அதற்கும் பிந்தியது: ஷெஃபீல்டில் இருந்த ஜே. ஏ. சாப்மன் நிறுவனத்தை 1930களின் பின்பாதியில் ஸ்டான்லி வாங்கிய பிறகுதான் இங்கிலாந்துச் சரக்கு வரத் தொடங்கியது. இழைப்புளியின் வயதைப் பிளேடை வைத்து ஒருபோதும் கணிக்காதீர்கள். தேய்ந்து தேய்ந்து மாற்றப்படும் முதல் பாகம் அதுதான்.

பாகம் கலந்ததால் சேகரிப்பு மதிப்பு குறையும், வேலைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த லிவர் கேப்பும் பிளேடும் அந்த உடலில் சரியாகவே உட்காரும். ஃப்ராக் மட்டும் அதே உடலுக்குரியதா என்று பாருங்கள். 1902க்கு முந்திய ஃப்ராக்கின் அடி வேறு அமைப்பு, இந்த உடலில் படியாது.

வேறு எதையும் தொடும் முன் விரிசல் பாருங்கள். வாயின் (அடியில் பிளேடு வெளியே வரும் துளை) நான்கு மூலைகளிலும், பக்கச் சுவர் அடியோடு சேரும் இடத்திலும் மண்ணெண்ணெய் தடவி, 10 நிமிஷம் கழித்துத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தேயுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் பொடியில் கோடாக ஊறி வரும். வாயில் விரிசல் இருந்தால் அந்த உடலை மறந்துவிடலாம், பாகங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

துருவாங்கி எழுதியது:

முதலில் பித்தளை நட்டு. அது இடது மரை. கழற்ற வலப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இது தெரியாமல் இடப்பக்கம் திருகித் திருகி, நட்டு தாங்கும் தண்டையே முறித்துவிடுகிறார்கள்.

அசையாத ஃப்ராக் திருகுக்கு அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள். இரண்டும் தானாகப் பிரியும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். ஒரு நாள் ஊறட்டும், நாலைந்து தடவை சொட்டு விடுங்கள். பிறகு திருப்புளியைத் திருகின் வெட்டில் நிறுத்தி, அதன் தலையில் கொட்டாப்புளியால் இரண்டு மூன்று தட்டு. மரையில் இருக்கும் துருப்பிடிப்பு அந்த அதிர்வில்தான் விடும். திருப்புளியின் முனை வெட்டின் அகலம் முழுவதையும் நிரப்ப வேண்டும். சாதாரணத் திருப்புளி ஆப்பு மாதிரி சரிந்திருப்பதால் மேலேறி வழுக்கி, தலையைச் சிதைக்கும். முனையின் இரு பக்கத்தையும் அரத்தால் இணையாக ராவிக்கொள்ளுங்கள். அப்படியும் வராவிட்டால் எண்ணெயையும் அசிட்டோனையும் நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பெரிய சால்டரிங் இரும்பைத் திருகுத் தலையில் வைத்துச் சூடாக்குங்கள். கேஸ் சுடர் வேண்டாம். வார்ப்பிரும்பு ஓரிடத்தில் மட்டும் சூடேறினால் விரிசல் விடும்.

துருவுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு, அது கரைந்ததும் 40 கிராம் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாக (பொங்கும், அகலமான பிளாஸ்டிக் தொட்டி வேண்டும்), கடைசியில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவம். சோடா சேர்ப்பதால் அமிலத்தின் வீரியம் மட்டுப்பட்டு, நல்ல இரும்பை அவ்வளவாகத் தின்னாது. முழுக்க மூழ்க வேண்டும். பாதி வெளியே தெரிந்தால் நீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு அரித்துவிடும். ஒரு மணிக்கு ஒருமுறை எடுத்து நைலான் பிரஷால் தேயுங்கள். துரு போனதும் நிறுத்திவிடுங்கள், இரவு முழுக்கப் போட்டு வைக்காதீர்கள்.

எடுத்ததும் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, வெயிலிலோ ஹேர் டிரையரிலோ உலர்த்தி, இளஞ்சூடு இருக்கும்போதே தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். இதில் தாமதித்தால் கண்முன்னே மஞ்சள் துரு பூக்கும். கடலோர ஊர் என்றால் இன்னும் வேகம்.

கழிப்பறை ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் புகை அறையிலுள்ள மற்ற எல்லாக் கருவிக்கும் துரு ஏற்றும்.

சாணைக்கல் எழுதியது:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்று சேர்க்க வேண்டும். பேட்டரி சார்ஜரை வைத்து மின்பகுப்பு முறையில் துரு எடுக்கச் சொல்லி யாராவது வருவார்கள். துரு எடுப்பதில் அது அருமையான முறை, ஆனால் உங்கள் இழைப்புளிக்கு ஏற்றதல்ல: சோடாக் கரைசலும் மின்சாரமும் சேர்ந்து பழைய கறுப்புப் பூச்சைத் தோலாக உரித்துவிடும். பூச்சே இல்லாத பாகங்களுக்குச் செய்வதானால் சார்ஜரின் நெகட்டிவ் முனை கருவியில், பாசிட்டிவ் முனை பழைய கட்டுக்கம்பியில். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டைப் பாசிட்டிவில் மாட்டாதீர்கள், நச்சுக் குரோமியம் கரைசலில் இறங்கும். ஹைட்ரஜன் கிளம்புவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

பூச்சைச் சுரண்டாதீர்கள். பாதிக்கு மேல் இருக்கிறது என்றால் அது நூறு வருஷமாகப் பிடித்த பிடி. எந்த ஸ்ப்ரே பெயிண்டும் அவ்வளவு காலம் தாங்காது. உதிரும் இடத்தை மட்டும் நைலான் பிரஷால் தேய்த்து, வெறும் இரும்பில் எண்ணெய் வைத்தால் போதும். கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டிப் பளபளக்க வைப்பதும் வேண்டாம். வார்ப்பின் விளிம்புகளும் எழுத்தும் மழுங்கிப்போகும், பிறகு அந்த மூன்று தேதிகளை யாராலும் வாசிக்க முடியாது.

அடிப்பாகம் தட்டையாக்க: 10 மி.மீ. கண்ணாடியோ பாலிஷ் போட்ட கிரானைட் பலகையோ, மேலே 80ஆம் எண் எமரித் தாள் ஒட்டுங்கள். ஃப்ராக், பிளேடு, லிவர் கேப் எல்லாம் பூட்டி, வேலை செய்யும்போது இருக்கும் அதே இறுக்கத்தில் வைத்து, பிளேடை மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கேப்பின் அழுத்தத்தில் உடல் மயிரிழை அளவு வளையும். வெறும் உடலைத் தேய்த்துத் தட்டையாக்கினால், பூட்டியதும் மறுபடி கோணிக்கொள்ளும். மார்க்கரில் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேயுங்கள், கோடு எங்கே அழிகிறது என்று பாருங்கள். முன்முனை, வாய்க்கு நேர் முன்னால், வாய்க்குப் பின்னால், பின்முனை: இந்த நான்கு இடமும் ஒரே மட்டத்துக்கு வந்தால் வேலை முடிந்தது. நடுவில் குழி மிச்சமிருந்தாலும் மரத்துக்குத் தெரியாது, அதைத் துரத்திக்கொண்டு அடியை மெலிய வைக்காதீர்கள். பிறகு 120, 180, 220. அதற்கு மேல் நம்பர் 5க்குத் தேவையே இல்லை.

ஈட்டிக்கட்டை எழுதியது:

பிடி விஷயம். நட்டை முழுக்க முடுக்கியும் ஆடுகிறது என்றால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. கம்பியின் நீளம் மாறாது, மரத்தின் உயரம் குறைந்துவிட்டது. நட்டு பிடியை அழுத்தும் முன்பே கம்பியின் மரை தீர்ந்து நின்றுவிடுகிறது. கம்பியின் அடிமுனையில் 1 அல்லது 2 மி.மீ. அரத்தால் ராவி எடுங்கள், ஆட்டம் நின்றுவிடும். பழைய பிடிகள் பெரும்பாலும் உடைவதே இந்த ஆட்டத்தினால்தான். நம்பர் 5இல் பிடியின் முன்காலிலும் ஒரு சின்னத் திருகு உண்டு. அதுவும் இருக்கிறதா பாருங்கள், பழைய இரும்புக் கடைச் சரக்கில் அடிக்கடி காணாமல் போயிருக்கும்.

கம்பியோ திருகோ தொலைந்திருந்தால் நம்மூர் ஹார்டுவேர் கடையில் தேட வேண்டாம். அங்குலத்துக்கு 20 மரை, 12ஆம் எண் பருமன். மெட்ரிக் மரையிலும் கால் அங்குலத் திருகிலும் அடங்காது. கால் அங்குலத்தைத் திணித்தால் வார்ப்பின் மரை போய்விடும். பழைய உடைந்த இழைப்புளியிலிருந்து எடுங்கள், அல்லது லேத்தில் கடைந்து வாங்குங்கள்.

கொம்புக்கு: அந்தக் காலத்துப் பிடி ரோஸ்வுட். நம் ஈட்டி மரம் நிறத்திலும் இழையிலும் நன்றாகச் சேரும். உடைந்த முகத்தை வாளால் நேராக அறுத்து, தட்டையாக இழைத்து, புதுத் துண்டின் இழை பழையதன் இழைக்கு இணையாக ஓடும்படி வையுங்கள். ஒட்டும் முன் இரண்டு முகத்தையும் அசிட்டோன் தொட்ட துணியால் துடையுங்கள். ரோஸ்வுட்டிலேயே எண்ணெய் இருக்கிறது, அது வெள்ளைப் பசையைப் பிடிக்க விடாது. மெதுவாக இறுகும் எபாக்சி நல்லது. இந்த வளைவில் கிளாம்ப் நிற்காது. சைக்கிள் டியூப்பை நீள வாரியாக வெட்டி இழுத்துச் சுற்றுங்கள். ஒரு நாள் விட்டு அரைவட்ட அரத்தால் வடிவம் கொடுத்து, பிரெஞ்சு பாலிஷ் இரண்டு கை.

இழைப்புமேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. விரிசல் இல்லை. வலப்பக்கம் திருகியதும் பித்தளை நட்டு வந்துவிட்டது, திருகும் சூட்டில் கழன்றது. இப்போது நட்டு அரைச் சுற்று சும்மா சுற்றிய பிறகுதான் பிளேடு நகர்கிறது, இது கோளாறா? பிளேடுக்குழிக்கு என்ன செய்வது? இப்போதைக்குப் பூட்டி ஓட்டினால் சீவல் மேல்தகட்டுக்கு (பிளேடின் மேல் திருகிப் பூட்டும் தகடு) அடியில் போய் அடைத்துக்கொள்கிறது.

சாணைக்கல் எழுதியது:

அரைச் சுற்று இயல்பு, முக்கால் வரை கவலையில்லை. ஆழத்தை எப்போதும் பிளேடு வெளியே வரும் திசையில் திருப்பி முடியுங்கள், இல்லையென்றால் வேலையில் பிளேடு பின்வாங்கும்.

குழி தட்டைப் பக்கத்தில் வெட்டுமுனையிலேயே இருந்தால் எத்தனை தீட்டினாலும் முனை பல்பல்லாகத்தான் வரும். குழிகளைத் தாண்டும்வரை முனையைப் பின்னுக்குச் சாணை பிடியுங்கள். விரலைப் பிளேடில் வைத்துக்கொண்டு, சுடும்போதெல்லாம் தண்ணீரில் தோய்க்க வேண்டும். முனை நீலம் பாய்ந்தால் அந்தப் பகுதியின் பதம் போயிற்று, அதையும் அரைத்துத் தள்ள வேண்டும். சரிவு 25 பாகை, முனையில் மட்டும் 30. தேக்கில் சிலிக்கா இருப்பதால் 25இலேயே விட்டால் முனை சீக்கிரம் மடியும். தட்டைப் பக்கம் முழுவதையும் கண்ணாடியாக்க வேண்டியதில்லை, முனையை ஒட்டிச் சில மி.மீ. போதும்.

சீவல் அடைப்பது மேல்தகட்டால். அதன் முன்விளிம்பு மட்டும் பிளேடைத் தொட வேண்டும், பின்னால் மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். தகட்டின் பின்முனையைக் கல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே தாழ்த்திப் பிடித்து விளிம்பைத் தேய்த்தால் அந்தச் சரிவு வரும். இரண்டையும் பூட்டி விளக்குக்கு நேராகப் பிடியுங்கள், தொடும் கோட்டில் ஒளி எங்கும் கசியக் கூடாது. பிறகு தகட்டின் மேல்முகத்தையும் வழவழப்பாக்கி மெழுகு தடவுங்கள். சாதாரண வேலைக்கு முனையிலிருந்து 1 மி.மீ. பின்னால், பிசிறடிக்கும் மரத்துக்கு 0.4 மி.மீ. வரை கொண்டு வரலாம்.

வார்ப்படம் எழுதியது:

ஃப்ராக்கின் சாய்தளம் வாயின் பின்விளிம்போடு ஒரே மட்டத்தில் இருக்கட்டும். அதைத் தாண்டி முன்னால் தள்ளினால் பிளேடின் கீழ்ப்பகுதிக்கு ஆதரவு இல்லாமல் அதிர்ந்து, மரத்தில் அலையலையாகத் தழும்பு விழும். பிளேடு மாற்றுவதானால் பழைய ஸ்டான்லி பிளேடும் ரெக்கார்டு கம்பெனிப் பிளேடும் 2 அங்குலத்தில் ஒன்றுக்கொன்று சேரும், இரண்டும் சுமார் 2 மி.மீ. தடிமன். 3 மி.மீ. பிளேடு வாங்கினால் ஆழம் மாற்றும் கவையின் (பித்தளை நட்டு நகர்த்தும் நெம்புகோல்) நுனி மேல்தகட்டின் துளையை எட்டாமல் போகலாம், வாயையும் அரத்தால் அகட்ட வேண்டிவரும். 1910களின் உடலில் அரம் போடுவதற்குப் பதிலாக இருக்கிற பிளேடையே தேயும்வரை ஓட்டுங்கள்.