மறு: எமான்சிபேஷனுக்கு 'விடுபேறு' பொருந்துமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஐரோப்பால யூதர்களுக்கு மத்த குடிமக்களோட சம உரிமை கொடுத்ததைச் சொல்ற 'எமான்சிபேஷனுக்கு'த் தமிழ்ல என்ன சொல் போடலாம்னு ரெண்டு நாளா ஓடுற த்ரெட்டை இப்பத்தான் முழுசா படிச்சேன். ஐயா சொன்ன 'விடுபேறு' கேக்க அழகாத்தான் இருக்கு, அதுவும் கொச்சி யூதர் செப்பேட்டுலயே இருக்குற சொல்லுன்னதும் எனக்கும் ஆசை வந்துச்சு. கி.பி. 1000 வாக்குல சேர ராசா பாஸ்கர ரவி, யூதத் தலைவர் இசுப்பு இரப்பானுக்கு பகல்விளக்கு, பாவாடை (நடக்கத் தரையில விரிக்கிற துணி), குடைன்னு அடுக்கிட்டு எழுபத்திரண்டு விடுபேறும் கொடுத்தோம், உல்கும் (சுங்கம்) துலாக்கூலியும் (எடை போடுற கட்டணம்) விட்டோம்ங்குறார். ஆனா சிக்கலே அங்கதான். அது ராசா பார்த்து ஒரு ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் கொடுத்த சலுகை. பிரான்சுல 1791 செப்டம்பர் கடைசில யூதர்களுக்குக் குடியுரிமை கொடுத்தப்ப என்ன சொன்னாங்க? குடிமக்கள் உறுதிமொழி எடுத்தா இதுவரைக்கும் உங்களுக்குன்னு தனியா இருந்த சலுகை எல்லாத்தையும் விட்டுக்கொடுத்ததா அர்த்தம்னாங்க. அதாவது விடுபேறைக் கைவிட்டாத்தான் எமான்சிபேஷன். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டா படிக்கிற புள்ளைங்க குழம்பிரும். விடுபேறை 'பிரிவிலேஜு'க்கு வெச்சுக்கலாம், அதுக்கு அம்சமா பொருந்தும்.

> பேசாம 'விடுதலை'ன்னே போட்டா என்ன?

போடலாம், ஆனா விடுதலைன்னதும் நமக்கு ஜெயில், போராட்டம், கொடியேத்துறதுதான் ஞாபகம் வரும். மூலச் சொல்லே ரோமானியச் சட்டத்துல அப்பன் மகனைத் தன் அதிகாரத்துலேர்ந்து விடுறதுக்கு இருந்தது. யூதர் விஷயத்துல இந்தச் சொல்லு பரவலா வந்ததே 1820கள் கடைசிலதான், பிரிட்டன்ல கத்தோலிக்கருக்குச் சம உரிமை கொடுக்கலாமாங்குற பிரச்சினை சூடா இருந்த நேரம். அதுக்கு முன்னாடி 1781ல யூதர் நிலையைப் பத்தி பிரஷ்ய அதிகாரி டோம் எழுதின புத்தகத் தலைப்புல 'குடிமை மேம்பாடு'ங்குற மாதிரிதான் இருக்கு, என்னமோ யூதர்தான் திருந்தணும்ங்குற தொனில.

இன்னொண்ணு, ஆஸ்திரியாவை ஆண்ட பேரரசர் இரண்டாம் ஜோசப் யூதர்களுக்குப் போட்ட 1782 ஆணையை இந்தத் தலைப்புக்குக் கீழ கொண்டுவராதீங்க ப்ளீஸ். அது 'சகிப்பு ஆணை', அவ்வளவுதான். மாட்டுக்குப் போடுற மாதிரி தலைக்கு வாங்கின சுங்கத்தை எடுத்தார், தொழில் செய்ய, பள்ளிக்கூடம் போக வழி விட்டார், சரி. ஆனா வியன்னால யூதர் எண்ணிக்கை கூடக்கூடாது, பொதுத் தொழுகைக்கூடம் கூடாது, கணக்குப்புத்தகம் ஜெர்மன்லதான் எழுதணும். அப்புறம் பட்டாளத்துக்கும் ஆள் எடுத்தார். ப்ராக் நகரத்து ரபி (யூத மதகுரு) எசக்கியேல் லாண்டாவ் பேரரசரைப் புகழ்ந்தவர்தான், அவரே 1789ல பட்டாளத்துக்குப் போற பசங்களை அழுதுகிட்டேதான் ஆசீர்வாதம் பண்ணி அனுப்பினார். ராசாவுக்கும் அந்த சமூகத்துக்கும் இருந்த உறவு எனக்கு இந்த ஒரு காட்சில புரிஞ்ச அளவுக்கு எந்தச் சட்டத்துலயும் புரியலை.

என் பரிந்துரை 'சமகுடியாக்கம்', அதாவது சம குடிமக்களா ஆக்குறது. 'குடியேற்பு'ன்னும் யோசிச்சேன், குடியேற்றம்னு படிச்சுருவாங்க. 'தளைநீக்கம்' போட்டா நம்ம வெண்பா கோஷ்டி சண்டைக்கு வரும் :)

-----

தம்பி, விடுபேறு விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். ஆனா 'சம'ன்னு ஆரம்பத்துலயே ஒட்டவெச்சா எப்படி? நெப்போலியன் 1806ல யூதப் பிரமுகர்களைக் கூட்டி 12 கேள்வி கேட்டான், பிரான்சை உங்க நாடா நினைக்கிறீங்களான்னு, அடுத்த வருஷம் 71 பேர் கொண்ட சன்ஹெட்ரின் வேற (பழங்கால யூத உயர் மன்றத்தோட பேர்ல கூட்டின சபை). அவங்களும் பணிவா பதில் சொன்னாங்க. 1808ல கடன், வியாபாரம், குடியிருப்புன்னு 10 வருஷத்துக்குக் கட்டுப்பாடு போட்டான், தென்மேற்குப் பிரான்சுல போர்டோ பக்கம் உள்ளவங்களுக்கு மட்டும் விலக்கு. இதுல சமம் எங்க இருக்கு?

-----

அதனாலதான் ஐயா 'ஆக்கம்'னு வெச்சேன். சமகுடிமைன்னா ஆகி முடிஞ்சுபோச்சு, ஆக்கம்னா நடந்துகிட்டே இருக்கலாம், பாதில நிக்கலாம், பின்னாடியும் போகலாம். '1808ல பிரெஞ்சு யூதர் சமகுடியாக்கம் தடைப்பட்டது'ன்னு எழுதிப் பாருங்க, உறுத்தலையே?

அப்புறம் நம்ம கலைச்சொல் பட்டியல்ல, 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் யூதத் தத்துவவாதி மெண்டல்சோனை யாரோ 'காப்புரிமை யூதர்'னு (அரசோட பாதுகாப்பு வாங்கி வாழ்ந்த யூதர்ங்குற அர்த்தத்துல) போட்டிருக்கீங்க, படிச்சா அவர் பேட்டன்ட் வாங்கின மாதிரி இருக்கு. காசு கட்டி வாங்குற பாதுகாப்புங்குறதால 'அடைக்கல'மும் சரியா வராது. 'காப்புச்சீட்டு யூதர்'னு மாத்திடவா?