சாலையில் கிடந்த கல், விழுந்த மரம்: யாரிடம் சொன்னீர்கள், என்ன நடந்தது?

நீடாமங்கலத்துக்காரன்:
போன தை மாதம், ராத்திரி ஒன்பது மணி. மன்னார்குடியில் வேலை முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். சாலையில் காயப்போட்டிருந்த நெல்லை அள்ளிவிட்டார்கள், தார்ப்பாயையும் சுருட்டியாயிற்று. அண்டை கொடுத்த கற்கள் மட்டும் பாதிச் சாலை வரை வரிசையாகக் கிடந்தன. எதிரே வந்த பஸ் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது கடந்ததும் சக்கரத்துக்கு முன்னால் கருங்கல். எப்படி ஒடித்தேன் என்று எனக்கே தெரியாது. இறங்கி ஒவ்வொன்றாக ஓரத்துக்கு உருட்டினேன். கல்லில் நெல்மணி ஒட்டியிருந்தது. கடைசிக் கல்லை நகர்த்தும்போது ஒரு எக்ஸெல் வண்டி என்னைத் தாண்டியது. கணவன், மனைவி, நடுவில் தூங்கும் பிள்ளை. அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்புறம்தான் எனக்குக் கை நடுங்கியது.

மறுநாள் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "அதான் கல்லை எடுத்துட்டீங்களே, இனி என்ன புகார்?" என்றார்கள்.

வெண்ணாற்றங்கரை:
எங்களுக்கு மரம். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்தபோது விழுந்ததை எல்லாம் நாங்களே அறுத்துத் தள்ளினோம், யாரையும் எதிர்பார்க்கவில்லை. இது ஆடிக் காற்றில் படுகைச் சாலையில் விழுந்த ஒற்றை வாகை. கரை எங்களுடையது இல்லை என்றது ஓர் அலுவலகம், சாலை எங்களுடையது இல்லை என்றது இன்னொன்று. மூன்றாம் நாள் விடியலில் பால்காரர் கிளையில் மோதி விழுந்தார். கேன் கவிழ்ந்து தார்ச்சாலை முழுக்கப் பால். அவர் முழங்கால் ரத்தத்தைப் பார்க்காமல் கேன் மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கோட்டூர் விவசாயி:
முதலில் எழுதியவருக்கு: கல்லை விட்டுவிட்டுப் போனது தப்புதான். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை வருஷத்தில் தளர்த்துவார்கள், அதற்கும் உத்தரவு வர வேண்டும். ஊரில் களம் இல்லை. நாங்கள் எங்கே காயப்போடுவது? புகாரோடு களம் கேட்டும் ஒரு மனு கொடுங்கள்.

அம்மாபேட்டை:
என் கதை சின்னது. மதகுக் கைப்பிடிச் சுவர் இடிந்து கிடந்தது, சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டு வந்தேன். ஆனால் எல்லோரும் செய்யும் தவறு, யாருடைய சாலை என்று பார்க்காமல் போய் நிற்பது. கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, 1033க்கு அடியுங்கள். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சிச் சாலைக்கு வட்டார வளர்ச்சி அலுவலர், ஆற்றுக்கரைக்கு நீர்வளத் துறை. மரத்தோடு மின்கம்பியும் கிடந்தால் கிட்டேயே போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. புயல், வெள்ளம் என்றால் 1077. எதுவும் புரியவில்லையா, முதல்வரின் உதவி மையம் 1100. தடையை நகர்த்தும் முன் படம் எடுங்கள், கிலோமீட்டர் கல்லின் எண்ணும் அதில் தெரியட்டும். வாயால் சொன்னால் நிற்காது, மனு எண் வாங்குங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் எதையும் யோசிக்காமல் 112.

நீடாமங்கலத்துக்காரன்:
நேற்று அதே இடத்துக்குப் போனேன். குறுவை நெல் காய்கிறது. தார்ப்பாய்க் கயிற்றைக் கிலோமீட்டர் கல்லிலேயே கட்டியிருந்தார்கள். பாயை விலக்கிப் பார்த்தேன், பச்சை. படம் எடுத்து மனு கொடுத்து எண் வாங்கிவிட்டேன், களமும் கேட்டிருக்கிறேன். காவலுக்கு இருந்த பெரியவரிடம், "போறப்ப கல்லை ஓரமாத் தள்ளிடுங்கய்யா" என்றேன். "சரி தம்பி, ஈரம் இறங்கட்டும்" என்றார்.